திரு இருதயத்துக்குப் பின்னால் ஒரு விளக்கு

என் ஆயுளில் நான் சொந்தமாகக் கண்டுபிடித்தது ஒன்றே ஒன்றுதான். ஒரு வீட்டுக் கதவை யாரும் தொடாமல் தானாகத் திறக்க வைத்தேன். அது ஐந்து வாரத்துக்கு மேல் அநேகமாகக் குறையில்லாமல் வேலை செய்தது. அவ்வளவு நன்றாகச் செய்திருக்க வேண்டாம் என்று பிற்காலத்தில் எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். கொஞ்சம் கோளாறாகச் செய்திருந்தால் அண்ணனுக்கு அந்தப் பாடு வந்திருக்காது.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்திய வருடங்கள் அவை. நான் வெள்ளவத்தையில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தேன். பேசும் படம் காட்டும் ஒரு தியேட்டரில் ஒப்பரேட்டர் வேலை. அண்ணனும் அண்ணியும் கொட்டாஞ்சேனையில் ஒரு குறுகிய ஒழுங்கைச் சந்துக்குள், வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. அண்ணன் துறைமுகத்தில் கப்பல் சாமான் தூக்கும் வின்ச் ஓட்டுகிறவர். ஒரு நாள் சாமான் இறக்கும்போது இரும்புக் கயிறு அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் இரண்டையும் முழங்கைக்குச் சற்றுக் கீழே வெட்டிவிட்டார்கள்.

கை போனதை அவர் ஒரு மாதிரித் தாங்கிக்கொண்டார். பார்க்க வந்தவர்களைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அந்த ஒழுங்கைச் சனங்கள் நல்ல சனங்கள். அதுதான் தொல்லை. அண்ணி தேயிலை ஸ்டோரில் இலை பொறுக்கும் வேலைக்குப் போகத் தொடங்கியதும், பகல் முழுக்க ஒருவர் மாறி ஒருவர் வந்து முன்னால் இருந்து பெருமூச்சு விட்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் கேட்காமலே வாழைப்பழத்தை உரித்து அவருடைய வாய்க்குள் வைத்துவிட்டாள். அன்று இரவே அண்ணன் அண்ணியிடம், "நாளைக்குப் போகேக்க கதவைப் பூட்டிப்போட்டுப் போ" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு காலை ஏழு மணியிலிருந்து பின்னேரம் ஐந்து மணி வரை அவர் பூட்டிய வீட்டுக்குள் இருந்தார்.

எனக்கு லீவு திங்கட்கிழமை. காலி வீதி என்ற பெரிய தெருவில் பஸ் பிடித்து, கோட்டையில் இறங்கி, கொஞ்சம் ட்ராமிலும் மிச்சம் நடையுமாகப் போவேன். என்னிடம் ஒரு சாவி இருந்தது. ஒரு திங்கட்கிழமை நான் கதவைத் திறந்தபோது அண்ணன் கதவுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். கதவுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கண்ணாடி ஜன்னல் உண்டு. அதற்குள்ளால் ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டு விடியற்காலம் தொட்டு நின்றிருக்கிறார். கால் வீங்கியிருந்தது.

"விடிஞ்சதிலேருந்து மூண்டு கப்பல் ஊதிட்டுது" என்றார். "ஒண்டையும் பார்க்கேல்லை."

"நான் இப்ப கூட்டிக்கொண்டு போறன், வாங்கோ."

"நீ கூட்டிக்கொண்டு போவாய் எண்டு எனக்குத் தெரியும். அதுதான் வேண்டாம் எண்டுறன். நான் ஒருத்தரிட்டையும் கேளாமல் வெளிய போக வேணும். கேளாமல் உள்ளுக்கு வர வேணும். அவ்வளவுதான் எனக்கு. அதையும் ஒருத்தர் பார்த்துப் பாவம் எண்டு சொல்லக்கூடாது."

இவ்வளவுதான் அவர் கேட்டது. இதற்கு மேல் அவர் என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

அண்ணி அன்றைக்கே சரியான யோசனையைச் சொன்னாள். "ஸ்பிரிங் வச்ச கதவு ஒண்டு போட்டா என்ன? தோளால தள்ளிப்போட்டுப் போகலாமே." அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "கள்ளுத் தவறணைக்கு வைக்கிற கதவை என்ர வீட்டுக்கு வைக்கப் போறியா? ஒழுங்கையில எல்லாரும் வந்து தள்ளிப் பார்ப்பினம். கையில்லாதவன்ர வீடு எண்டு போர்ட் எழுதி மாட்டினமாதிரி இருக்கும்." அண்ணி அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டாள். நானோ அதற்குள் வேறு ஒன்றை யோசிக்கத் தொடங்கிவிட்டேன். அண்ணி சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

பேசும் படத்தில் சத்தம் எங்கே இருக்கிறது என்று பலருக்குத் தெரியாது. படச்சுருளின் ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு ஓடும். அதற்குள்ளால் ஒரு விளக்கின் வெளிச்சம் போய், அப்பால் உள்ள ஒரு கண்ணாடிக் குமிழில் விழும். அந்தக் குமிழுக்குப் பெயர் போட்டோ செல். வெளிச்சம் கூடிக் குறைவதை அது மின்சாரமாக மாற்றும். அதுதான் பிறகு பாட்டாகவும் வசனமாகவும் வருகிறது. அந்த வருடம் எங்கள் தியேட்டரில் ஒரு பழைய செல்லைக் கழற்றிவிட்டுப் புதிதாகப் போட்டார்கள். பழையதை மனேஜரிடம் கேட்டு வாங்கி அறையில் வைத்திருந்தேன். பாட்டுக்கு அது உதவாது. வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல அதற்கு இன்னும் தெம்பு இருந்தது.

அண்ணன் வாசலுக்குக் குறுக்கே ஒரு வெளிச்சக் கோடு போக வேண்டும். அவர் நடந்து அதை மறித்தால் செல் இருட்டாகும். உடனே ரிலே என்கிற மின்காந்தச் சுவிட்ச் விழும். ஒரு மோட்டார் ஓடிக் கதவை இழுக்கும். அவர் விலகியதும் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். யோசனை இவ்வளவுதான். ஆனால் வாசலில் ஒரு வெளிச்சக் கோடு தெரிந்தால் ஒழுங்கை முழுவதும் வேடிக்கை பார்க்க வரும். ஆகவே வெளிச்சம் கண்ணுக்குத் தெரியக்கூடாது.

அதற்கும் வழி இருந்தது. அந்த வகைச் செல் நம்முடைய கண்ணைவிடச் சிவப்புப் பக்கம் அதிக தூரம் பார்க்கும். சிவப்புக்கு அப்பால், நமக்கு இருட்டாக இருக்கும் இடத்திலும் அதற்கு வெளிச்சம் உண்டு. இப்போது அதை அகச்சிவப்பு என்கிறார்கள். அப்போது எங்களுக்கு அதற்கு ஒரு சொல்லும் இருக்கவில்லை. புறக்கோட்டையில் கண்ணாடிக் கடையில் கடும் சிவப்பில் ஒரு துண்டும் கடும் நீலத்தில் ஒரு துண்டும் வெட்டி வாங்கினேன். சிவப்புக்கு மேல் நீலத்தை வைத்து விளக்குக்கு முன்னால் பிடித்தால் மங்கலான ஒரு சிவப்புப் பொட்டு மட்டும் தெரிந்தது. ஒரு மத்தியானம் ஒப்பரேட்டர் அறையின் கதவைச் சாத்திக்கொண்டு சோதித்துப் பார்த்தேன். எனக்கு வெளிச்சக் கோடு தெரியவே இல்லை. நடுவில் கையை வைத்தவுடன் ரிலே டக் என்று விழுந்தது. தனியாக நின்று சிரித்தேன். அந்தச் சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். அப்படிச் சந்தோஷப்பட்டது எனக்கு மிகக் குறைவு.

அந்தச் சிவப்புப் பொட்டு ஒன்றுதான் மிச்சம். அதை எங்கே ஒளிப்பது? கொட்டாஞ்சேனையில் எந்தக் கத்தோலிக்க வீட்டுக்குள் போனாலும் சுவரில் ஆண்டவருடைய திரு இருதயப் படம் இருக்கும். அதற்கு முன்னால் சிவப்பு விளக்கு ஒன்று இராப்பகலாக எரியும். அந்த இடத்தில் இன்னொரு சிவப்புப் பொட்டு தெரிந்தால் எந்த மனிதனும் ஏன் என்று கேட்க மாட்டான். படத்தை ஒரு மரப் பெட்டிக்கு மேல் பொருத்தி, விளக்கைப் பெட்டிக்குள் வைத்து, சட்டத்தின் அடியில் ஒரு துவாரம் போட்டேன்.

அண்ணி பயந்தாள். "பாவமில்லையா தம்பி?"

அண்ணன் அவள் முகத்தைப் பார்த்தார். "எனக்கு இல்லாத கையை அவர் குடுக்கட்டுமேன்" என்றார். விபத்துக்குப் பிறகு அவர் விட்ட முதல் பகிடி அது.

வெளிச்சம் படத்திலிருந்து புறப்பட்டு, மண்டபத்தைக் குறுக்காகக் கடந்து, பக்கத்துக் கண்ணாடி ஜன்னலால் வெளியே போகும். அங்கே விறாந்தைச் சுவரில் ஒரு சவரக் கண்ணாடி. அதில் பட்டுத் திரும்பி, கதவுக்கு முன்னால் குறுக்கே ஓடி, மறுபக்கத் தூணில் உள்ள தபால் பெட்டிக்குள் விழும். செல் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. பகல் வெளிச்சம் அதைக் குழப்பாதபடி ஒரு நீண்ட தகரக் குழாய்க்குள் வைத்திருந்தேன். ஆக, உள்ளேயிருந்து போனாலும் வெளியேயிருந்து வந்தாலும் அதே கோட்டைத்தான் மறிக்க வேண்டும். படச்சுருள் சுற்றுகிற மோட்டார் ஒன்றை முகட்டில் ஏற்றி, சைக்கிள் செயினால் கதவோடு தொடுத்தேன். முதல் வாரம் தபால்காரன் கொண்டுவந்த கடிதம் குழாய்க்கு முன்னால் விழுந்து, கதவு மத்தியானம் வரை திறந்தபடி கிடந்தது. பிறகு கடிதத்துக்கு வேறு துளை வைத்தேன்.

சுவிட்சைப் படத்துக்குப் பின்னால், உயரத்தில் வைத்தேன். யாருக்கும் தெரியக்கூடாது என்பதற்காக. அண்ணி காலையில் முக்காலியில் ஏறிப் போடுவாள். பின்னேரம் வந்து நிறுத்துவாள். எல்லாவற்றையும் யோசித்தவன் அதை மட்டும் யோசிக்கவில்லை. கதவைத் திறக்கும் யந்திரத்தை அண்ணனுக்குக் கொடுத்தேன். அதை நிறுத்தும் வழியை அவருக்குக் கொடுக்கவில்லை.

அது முதன்முதலாக ஓடிய திங்கட்கிழமை அண்ணன் புதுச் சட்டை போட்டிருந்தார். நீளக் கை, இரண்டு பக்கமும் மடித்து ஊசி குத்தியிருந்தது. கதவை நோக்கி நடந்தார். கதவு திறந்தது. வெளியே போனார், திரும்பினார், அது திறந்தது, உள்ளே வந்தார். மறுபடியும் போனார். ஆறு தரமோ ஏழு தரமோ போய்ப் போய் வந்தார். கடைசியில், "சத்தம் கூட" என்றார். நான் செயினுக்குக் கிறீஸ் பூசி, மோட்டாருக்கு அடியில் சைக்கிள் டியூப் வெட்டி வைத்தேன். சத்தம் அடங்கியதும் அவர் விறாந்தையிலிருந்து இறங்கி, ஒழுங்கையால் நடந்து, மூலையில் திரும்பிக் காணாமல் போனார். ஒரு மணித்தியாலம் கழித்துத் தனியே வந்தார். நான் உள்ளே இருந்தும் எழும்பவில்லை. கதவு திறந்தது.

"ஒரு பெரிய கப்பல் நிக்குது" என்றார். "மூண்டு புகைக்குழாய்."

ஐந்து வாரம் அப்படிப் போனது. எப்போதும் பூட்டிய வீடு என்று பழகிவிட்டதால் அயலவர்கள் விறாந்தையில் ஏறுவதை விட்டிருந்தார்கள். அண்ணனுக்குக் கதவைத் திறந்துவிடுவது யார் என்று எவரும் கேட்கவில்லை. அவர் முகத்தில் சதை பிடித்தது. "ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணு" என்று என்னிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டார்.

ஒக்டோபர் பிறந்தது. செபமாலை மாதம். அந்த ஒழுங்கையில் அந்த மாதம் முழுக்க மாதாவின் சிலையான சுரூபம் வீடு வீடாகப் போகும். பின்னேரம் ஒரு வீட்டிலிருந்து தூக்கி, பாடிக்கொண்டு அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்து, எல்லாரும் முழங்காலில் இருந்து செபமாலை சொல்வார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நாள் முறை. அண்ணனுடைய வீட்டு முறை ஒரு திங்கட்கிழமை வந்தது. அண்ணி அரை நாள் லீவு எடுத்து வந்து பூக்கட்டினாள். முக்காலியில் ஏறித் திரு இருதயப் படத்துக்கும் மாலை போட்டாள். சுவிட்ச் அவள் கைக்குப் பக்கத்தில் இருந்தது. அதை நிறுத்த மறந்துவிட்டாள்.

நான் மெழுகுதிரி வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வரும்போது கூட்டம் அண்ணன் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா சுரூபத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். அவளுக்குப் பின்னால் ஐம்பது அறுபது பேர், கையில் மெழுகுதிரி. கதவு சாத்தியிருந்தது. அண்ணி குசினியில் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் மண்டபத்தின் மறு கோடியில் கதிரையில் உட்கார்ந்திருந்தார். கூட்டம் வருவதை அவர் கண்ணாடிக்குள்ளால் கண்டிருக்கிறார். படத்தில் சிவப்புப் பொட்டு எரிவதையும் கண்டிருக்கிறார். எழும்பிப் போய் நிறுத்த அவருக்குக் கை இல்லை. அண்ணியைக் கூப்பிட்டிருக்கிறார், பாட்டுச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை.

அக்கா விறாந்தையில் ஏறினாள். சுரூபம் கோட்டை மறித்தது. கதவு மெதுவாக, சத்தமில்லாமல் திறந்தது. நான் போட்ட கிறீஸ் அவ்வளவு நன்றாக இருந்தது.

பாட்டு நின்றது. திறந்த கதவுக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. மண்டபத்தின் அந்தக் கோடியில் இரண்டு கையுமில்லாத மனிதர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு மேலே சுவரில் திரு இருதயம் சிவப்பாக எரிகிறது. அக்கா சுரூபத்தோடு அப்படியே முழங்காலில் விழுந்தாள். "புதுமை! அற்புதம்!" என்று யாரோ கத்தினார்கள். பிறகு எல்லாரும் கத்தினார்கள்.

நான் கூட்டத்துக்குப் பின்னால் மெழுகுதிரிப் பைக்கற்றோடு நின்றேன். வாய் திறந்தேன். ஒருத்தருக்கும் சொல்லமாட்டேன் என்று செய்த சத்தியம் நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டேன். கோழை என்று யாரும் சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

அடுத்த நாளிலிருந்து வீடு அண்ணனுக்குச் சொந்தமில்லை. அண்ணி யந்திரத்தை நிறுத்திக் கதவைப் பூட்டிவிட்டுப் போனால் சனங்கள் வெளியே நின்று செபம் சொன்னார்கள். அண்ணன் பழையபடி சிறைக்குள். ஓடவிட்டுப் போனால் கதவு வந்தவர்களுக்கெல்லாம் திறந்தது. முகத்துவாரத்திலிருந்து வந்தார்கள். இரத்மலானையிலிருந்துகூட ஒரு குடும்பம் வந்தது. வாசற்படியில் உதடு பதித்து முத்தி செய்தார்கள். அண்ணனிடம் தலையை நீட்டினார்கள். அவர் தலையில் வைக்கக் கை இல்லை என்றதும், அவருடைய சட்டைக் கையிலிருந்த ஊசியைத் தாங்களே கழற்றி, அந்தக் குறைக் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அண்ணிக்குக்கூட அவர் காட்டாத கைகள் அவை.

அடுத்த திங்கட்கிழமை நான் சொன்னேன், "அண்ணை, சொல்லிப்போடுவம்."

"ஒரு கிழமையா ஒருத்தரும் பாவம் எண்டு சொல்லேல்லை" என்றார் அவர். பிறகு தனக்கே வெட்கமாகிப் போனவராக, "பொறு. தன்பாட்டில ஓயும்" என்றார்.

அது ஓயவில்லை. அதற்கு அடுத்த திங்கட்கிழமை காலை, ஒரு பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். முகத்துவாரத்து மீன்பிடிக் குடும்பத்துப் பெண். இருபது வயதுகூட இருக்காது. குழந்தைக்கு ஒன்றரை வயதிருக்கும். நெஞ்சு உள்ளே போய்ப் போய் வந்தது. மூச்சு இழுக்கும் சத்தம் வாசலிலேயே கேட்டது. அவள் கதவு திறந்ததும் நேராக வந்து, அண்ணனுடைய குறைக் கையை எடுத்துக் குழந்தையின் நெஞ்சில் வைத்தாள்.

அண்ணன் துள்ளி எழும்பினார். "பிள்ளைக்குக் காய்ச்சல் கொதிக்குது. எத்தினை நாளா?"

"இண்டைக்கு நாலு நாள் ஐயா. தினம் இஞ்ச வந்தனான். சனம் கூட எண்டு கிட்ட வர ஏலேல்லை. இண்டைக்குத்தான் கதவு எனக்குத் திறந்தது."

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனியா?"

"இல்லை ஐயா. இஞ்ச வந்தாப் பிறகு அங்க ஏன்?"

அண்ணன் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் இன்றும் சகிக்க முடியாது. "தம்பி, படத்தைக் கழற்று" என்றார்.

"அண்ணை, வெளிய சனம் நிக்குது."

"நிக்கட்டும். கழற்று எண்டுறன்!"

நான் முக்காலியில் ஏறினேன். வாசலில் நின்றவர்கள், பக்கத்து வீட்டு அக்கா உட்பட, உள்ளே எட்டிப் பார்த்தார்கள். படத்தைக் கழற்றி, பெட்டியைத் திறந்து, விளக்கையும் இரண்டு கண்ணாடித் துண்டுகளையும் வெளியே எடுத்துக் காட்டினேன். அண்ணன் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "இது கரண்ட். என்ர தம்பி செய்தது. எனக்குக் கதவு திறக்கக் கையில்லை, அதுக்காகச் செய்தது. புதுமையும் இல்லை, ஒண்டும் இல்லை. தங்கச்சி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு."

அந்தப் பெண் என் கையிலிருந்த விளக்கைப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. "லைட் எண்டா லைட்தான் ஐயா" என்றாள். "அதாலதானே அவர் திறக்கிறவர்." ஆனால் அண்ணன் அழத் தொடங்கிவிட்டார். இரண்டு கைகளையும் கும்பிடுவதுபோல் சேர்க்கப் பார்த்தார், அவை சேரவில்லை. "ஓடு பிள்ளை, ஓடு" என்றார். அவள் பயந்துபோய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

பக்கத்து வீட்டு அக்கா வாசலிலேயே நின்றாள். "நான் முழங்காலில விழுந்தது ஒரு பல்புக்கா?" என்று கேட்டாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு போனாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் போனார்கள். யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாளே கோவிலிலிருந்து பாதிரியார் சுவாமி வந்ததாக அண்ணி பிறகு சொன்னாள். அவரும் திட்டவில்லையாம். படத்துக்குப் பின்னால் இனி ஒன்றும் வைக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அவர் சொல்வதற்கு முன்பே நான் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டேன். அன்று கூட்டம் கலைந்த உடனே, வெட்கத்திலும் ஆத்திரத்திலும் தபால் பெட்டியைத் தூணிலிருந்து இழுத்தேன். தகரக் குழாய் நிலத்தில் விழுந்தது. உள்ளே செல் நொறுங்கிவிட்டது. அப்போது எனக்கு அது பெரிதாகப் படவில்லை. இனி அது எதற்கு என்றுதான் நினைத்தேன்.

அண்ணி பழையபடி கதவைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனாள். ஒழுங்கை அந்த வீட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. செபமாலை மாதமும் முடிந்தது.

மூன்று நாலு வாரம் இருக்கும். ஒரு திங்கட்கிழமை நான் போனபோது அண்ணன் தரையில், கதவோடு முதுகைச் சாய்த்துக்கொண்டு இருந்தார். அவர் தரையில் இருந்து நான் பார்த்ததில்லை.

"அவள் வந்தவள்" என்றார்.

முகத்துவாரத்துப் பெண் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வந்திருக்கிறாள். தனியாக இல்லை, குழந்தை நடந்து வந்திருக்கிறது. தாயின் விரலைப் பிடித்துக்கொண்டு விறாந்தையில் ஏறி, தூணைச் சுற்றி ஓடியிருக்கிறது. அண்ணன் கண்ணாடிக்குள்ளால் கண்டு, சந்தோஷம் தாங்காமல் கதவுக்கு ஓடியிருக்கிறார். அவள் கதவுக்கு முன்னால் நின்றாள். தட்டவில்லை. தொடவில்லை. தனக்கு ஒரு தரம் திறந்த கதவு இன்னொரு தரமும் திறக்கும் என்று நின்றிருக்கிறாள்.

"நான் சொன்னனான், பிள்ளை, பூட்டியிருக்கு, சாவி என்ர மனுசியிட்ட எண்டு. கத்திச் சொன்னனான். அவளுக்குக் கேட்டது. அவள் என்ன சொன்னவள் தெரியுமா?"

நான் அவருக்குப் பக்கத்தில் குந்தினேன்.

"பரவாயில்லை ஐயா எண்டவள். நான் நம்பாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனனான், அதுதான் எனக்குத் திறக்கேல்லை எண்டவள். பிள்ளை சுகம் எண்டு மட்டும் சொல்ல வந்தனான், போயிட்டு வாறன் எண்டவள். நான் கதவை உதைச்சனான். தோளால இடிச்சனான். அவள் இன்னும் பயந்து போட்டாள். படியை முத்தி செய்துபோட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிட்டாள்."

அவருடைய வலது தோளில் சட்டைக்கு மேலாகவே வீக்கம் தெரிந்தது.

"திருப்பிப் போடு" என்றார். "அந்த லைட்டைத் திருப்பிப் போடு. அவள் திரும்ப வருவாள். வரேக்க கதவு திறக்க வேணும். ஆரும் சிரிக்கட்டும், சுவாமி ஏசட்டும். போடு."

செல் உடைந்துபோனதை நான் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. அப்போது சொன்னேன். வேறொன்று எங்கே கிடைக்கும் என்று கேட்டார். கப்பலில் வர வேண்டும், தியேட்டருக்கென்று மட்டும்தான் வரும், பழையது இனி எந்தக் காலத்தில் கழிக்கப்படுமோ என்றேன். அவர் தலையை ஆட்டினார். எனக்கு என் கைகள் இரண்டையும் எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அன்று பின்னேரமே இரண்டு பேரும் முகத்துவாரத்துக்குப் போனோம். கடற்கரை ஓரக் குடிசைகளில் விசாரித்தோம். பெயர் என்ன என்று கேட்டார்கள். எங்களுக்குப் பெயர் தெரியாது. அவளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நெஞ்சுச் சளி வந்து தப்பிய குழந்தை என்றோம். அங்கே வீட்டுக்கு ஒரு குழந்தைக்கு அது வந்திருந்தது. இருண்டதும் திரும்பினோம். அடுத்தடுத்த திங்கட்கிழமைகளிலும் போனோம்.

பிறகு நான் ஒரு தச்சரைக் கூட்டிக்கொண்டு வந்து, அண்ணி முதல் நாளே சொன்ன ஸ்பிரிங் கதவைப் போட்டேன். அரை நாளில் வேலை முடிந்தது. அண்ணன் தோளால் தள்ளினார், போனார்; தள்ளினார், வந்தார். அது ஒரு நாளும் பழுதாகவில்லை. அண்ணி என்னைப் பார்த்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மையை இன்று நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆனால் அண்ணனுக்கு அந்தக் கதவும் போதவில்லை. "அவள் தள்ளமாட்டாள்" என்றார். "தள்ளலாம் எண்டு அவளுக்குத் தெரியாது. வந்து பார்த்துக்கொண்டு நிப்பாள். திறக்காட்டிப் போயிடுவாள்."

அதற்குப் பிறகு அவர் கப்பல் பார்க்கப் போவதை விட்டுவிட்டார். அண்ணி காலையில் போனதும் கதிரையைக் காலால் தள்ளித் தள்ளிக் கதவுக்கு வெளியே கொண்டுவருவார். விறாந்தையில், படிக்கு நேரே, முகத்துவாரத்திலிருந்து வரும் பக்கம் பார்த்து இருப்பார். நீளக் கைச் சட்டையை விட்டுவிட்டார். வெறும் பெனியனோடு, இரண்டு குறைக் கைகளும் ஒழுங்கை முழுவதற்கும் தெரிய, காலை ஏழு மணியிலிருந்து பின்னேரம் ஐந்து மணி வரை இருப்பார். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். கொஞ்ச நாளில் "பாவம்" என்று பழையபடி சொல்லவும் தொடங்கினார்கள். அவர் அதைக் கேட்டுக்கொண்டு இருந்தார்.

அவள் வரவில்லை. நான் போன எந்தத் திங்கட்கிழமையும் அண்ணன் உள்ளே இருந்ததில்லை.